மயக்க டாக்டர் அக்காவும் இரண்டாவது பிரேக்கும்

என் அக்காவின் முகம் இந்த ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இத்தனைக்கும் ஊரில் பாதிப் பேரைத் தூங்க வைத்தவள் அவள். பித்தப்பைக் கல், குடலிறக்கம், உடைந்த முழங்கை, குறுக்கே திரும்பிக்கொண்ட பிள்ளை, எதுவாக இருந்தாலும் சரி. கத்தி வைப்பதற்கு முன் ஆளை மயக்கத்தில் ஆழ்த்தி, தைத்து முடிக்கும்வரை உயிரைப் பத்திரமாகப் பிடித்து வைத்திருந்து, திரும்ப எழுப்பிக் கையில் கொடுப்பது அவள் வேலை. ஆனால் குணமாகிறவர்கள் பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு நேரே போவது அறுத்தவரின் அறைக்குத்தான். வழியில் அக்காவைப் பார்த்தால், "சிஸ்டர், டாக்டர் ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். அவளும் சிரித்த முகமாகக் கைகாட்டி அனுப்பிவிடுவாள்.

ஒருமுறை துணிக்கடையில் ஒரு ஆள் வரிசையில் முண்டியடித்துக்கொண்டு வந்து அக்காவை இடித்துத் தள்ளினார். அந்த ஆளுக்குக் குடல் அறுவை நடந்தபோது அக்கா அரை நாள் தலைமாட்டை விட்டு நகராமல் நின்றது எனக்குத் தெரியும். சும்மா விடுவேனா? சட்டைக்கையை மடித்துவிட்டேன்.

"யோவ், யாரை இடிக்கிறோம்னு தெரியுதா? உன் மூச்சையே இவங்கதான்…"

அக்கா என் முழங்கையில் கிள்ளிய கிள்ளு இன்னும் வலிக்கிறது. வெளியே இழுத்துக்கொண்டு வந்து சொன்னாள். "டேய், அவருக்கு என்னை ஞாபகம் இல்லைன்னா நான் வேலையை ஒழுங்கா பார்த்திருக்கேன்னு அர்த்தம். என் முகம் ஞாபகம் இருந்தாத்தான் தப்பு, ஆபரேஷனுக்கு நடுவுல முழிச்சிருக்கார்னு ஆயிடும்."

இப்படி ஒரு பிறவி.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். சின்னதாக ஒரு டிரைவிங் ஸ்கூல், மூன்று கார்கள். கார்களில் எனக்கு முன்னால் ஸ்டியரிங் கிடையாது, ஆனால் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் சுவரைப் பார்த்துப் போனால் நான் மிதித்து நிறுத்துவதற்காக. இந்தத் தொழிலுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். தெருமுனையில் நான் "கிளட்ச்!" என்று கத்தினால் பக்கத்துத் தெருவில் சைக்கிளில் போகிறவர் காலைத் தரையில் ஊன்றுவார்.

அக்கா அதற்கு நேர்மாறு. அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆபரேஷன் தியேட்டரில் குளிரும் என்று காலுறைக்கு மேல் காலுறை போட்டுக்கொண்டு குட்டையாக, உருண்டையாக, சத்தமே இல்லாமல் நடப்பாள். அம்மா இறந்தபின் எனக்குச் சாப்பாடு போட்டு, தலை துவட்டி, பள்ளிக்கூடத்தில் நான் அடித்த பையன்களின் வீட்டுக்கெல்லாம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தது அவள்தான். அதனால் அவளைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எனக்குப் பொறுக்காது. நான் மட்டும் சொல்லலாம்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. மற்ற மயக்க டாக்டர்கள் ஊசி போடும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வார்கள். அக்கா எண்ணச் சொல்ல மாட்டாள். தலைமாட்டில் நின்று குனிந்து, "இங்கேருந்து உங்க வீட்டுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்பாள். பயத்தில் நடுங்கிக்கொண்டிருக்கிறவருக்குக்கூட வீட்டுக்குப் போகிற வழியைச் சொல்லப் பிடிக்கும். "வாசல்லேருந்து இடது பக்கம் திரும்பணும், அப்புறம் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வலது…" அவ்வளவுதான், கண் சொருகிவிடும். இரண்டாவது திருப்பத்தைத் தாண்டினவர்கள் அபூர்வம். "இந்த ஊர்ல எல்லார் வீட்டுக்கும் எனக்கு முதல் ரெண்டு திருப்பம் அத்துப்படி. அதுக்கு மேல ஒரு வீட்டுக்கும் போகத் தெரியாது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

உண்மையிலேயே தெரியாது. அவளுக்குக் கார் ஓட்டவும் தெரியாது. மாமாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருகிறவளுக்கு வழி எங்கே மனதில் நிற்கும்?

கார் கற்றுக்கொள்ள அவளுக்குக் கொள்ளை ஆசை. தம்பி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான், அக்கா பஸ்ஸில் போகிறாள் என்றால் எனக்கும்தானே அசிங்கம்? சொல்லிக்கொடுத்தேன். எனக்கென்று வந்து சேர்ந்த எத்தனையோ மண்டுகளை எல்லாம் ஓட்டவைத்திருக்கிறேன், என் அக்காவை மட்டும் முடியவில்லை. எதிரே ஒரு நாய் வந்தால் நான் பிரேக்கை மிதிப்பேன். பஸ் வந்தால் மிதிப்பேன். ஒன்றும் வராவிட்டாலும், ஏதாவது வந்துவிடுமோ என்று மிதிப்பேன். வண்டியில் உட்கார்ந்திருப்பது அக்கா ஆயிற்றே! வண்டி திக்கித் திக்கி நிற்கும், அவள் நெற்றி முன்னால் போய் முட்டும்.

கடைசியில் ஒருநாள் ரவுண்டானாவில் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ காலை எடுடா. நீ மிதிச்சுக்கிட்டே இருந்தா எனக்குப் பிரேக் போட வருதா வரலையான்னு உனக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் எப்படித் தெரியும்?"

"மோதிட்டா?"

"நீ பக்கத்துலதானே இருக்கே? காலைத் தூக்கி வெச்சுக்கோ, பார்த்துக்கிட்டு இரு. மிதிக்கணும்னா மிதி. இப்பவே எதுக்கு மிதிக்கிறே?"

நான் ஏதோ கத்தினேன். அவள் கதவைத் திறந்து இறங்கி, பின்னால் ஹாரன் அடிக்கிற வண்டிகளுக்கெல்லாம் கையால் மன்னிப்புக் கேட்டபடி, வெள்ளைக் கோட்டோடு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். அத்தோடு அவள் கார் படிப்பு நின்றது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அதற்கு அடுத்த வருடம், ஒருநாள் காலை நேரத்தில் எனக்கு அது நடந்தது. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். "இண்டிகேட்டர் போடு" என்று சொல்ல வாயைத் திறந்தேன், வார்த்தை குழறியது. வலது கை மடியில் செத்த மீனாகக் கிடந்தது. அந்தப் பெண் கெட்டிக்காரி, பதறாமல் காரை நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். போகிற வழியில் ஒரு இடத்திலும் இண்டிகேட்டர் போடவில்லை, அது வேறு விஷயம்.

கை திரும்ப வந்தது, பேச்சும் வந்தது. ஆனால் இரத்த அழுத்தம் மட்டும் இறங்கவே இல்லை. ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை, பிறகு ஒரு தட்டு நிறைய மாத்திரை. உப்பை நிறுத்தினேன், நடந்தேன், கோபத்தைக்கூட நிறுத்திப் பார்த்தேன். மேல் எண் இருநூறிலேயே நின்றது. இதய டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். "இது முதல் எச்சரிக்கை. அடுத்தது எச்சரிக்கையா வராது." அதைக் கேட்டு என் வீட்டுக்காரி அந்த அறையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மருந்து கேட்காத இரத்த அழுத்தத்துக்கு ஒரு கருவி இருக்கிறது என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தவள் அக்கா. எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினாள். கழுத்தில், தாடைக்குக் கீழே, தலைக்குப் போகிற இரத்தக்குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தில் சில நரம்புகள் காவல் இருக்கின்றன. இரத்தம் வேகமாக வந்து குழாயை விரித்தால், அவை மூளைக்குச் செய்தி அனுப்பும். மூளை உடனே இதயத்தை அடக்கும், குழாய்களைத் தளர்த்தும், அழுத்தம் இறங்கும். எனக்கு அந்தக் காவல் அயர்ந்துவிட்டது. அந்த இடத்தில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு தகட்டைத் தைத்து, மார்புத் தோலுக்கடியில் வைக்கிற பேட்டரியிலிருந்து கொஞ்சமாக மின்சாரம் கொடுத்தால் நரம்பு விழித்துக்கொண்டு செய்தி அனுப்பும்.

"ஆனா ஒண்ணுடா" என்றாள். "சரியான இடம் எதுன்னு வெளியிலேருந்து தெரியாது. ஒவ்வொருத்தருக்கும் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கும். கழுத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு, தகட்டை அங்கே இங்கே தொட்டுப் பார்க்கணும். எங்கே தொட்டா பிரஷர் இறங்குதோ அதான் இடம்."

"எங்கேயும் இறங்கலைன்னா?"

அவள் என் காபிக் கோப்பையை எடுத்துக் கழுவப் போனாள். அங்கிருந்தே சொன்னாள். "தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அதாவது, கருவி கிடையாது. மாத்திரையும் கேட்காது. அப்புறம் நான் அந்த இதய டாக்டர் சொன்ன 'அடுத்தது' வருகிறவரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அறுவை செய்கிறவர் வெளியூர்க்காரர். கருவியை இயக்குகிற ஆளோடு எப்போதாவது ஒருமுறைதான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். மயக்கம் கொடுக்க, அக்காவுக்கு மேலே இருக்கிற மூத்த மயக்க டாக்டர் ஒப்புக்கொண்டார். சொந்தக்காரர்களுக்கு அக்கா மயக்கம் கொடுப்பதில்லை, அது அவள் வைத்திருக்கிற கட்டுப்பாடு. ஆனால் அவரிடம் பல தடவை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்: ரொம்ப ஆழமாகப் போகவேண்டாம் சார். ஆழ்ந்த மயக்கத்தில் நரம்பு செய்தி அனுப்பும், கேட்கிற இடம் தூங்கிக்கொண்டிருக்கும். இதயம் பதிலே சொல்லாது. அதற்காக ரொம்ப லேசாகவும் விட்டுவிடக் கூடாது. கத்தி படுகிற வலிக்கெல்லாம் உடம்பு பதில் சொல்லி அழுத்தம் எகிறிவிடும். அந்த மனுஷர் அவளுக்கே பாடம் நடத்தினவர். "எனக்கே சொல்லித்தர்றியாம்மா?" என்று சிரித்தாராம்.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குத் தெரியாமல் நடந்த விஷயம் இல்லை இது.

ஆபரேஷன் நாள் காலையில் மூத்தவர் வந்தார், இருமிக்கொண்டே வந்தார். உட்கார்ந்தால் இருமல், எழுந்தால் இருமல், கண்ணெல்லாம் சிவந்து, உடம்பு கொதித்தது. அவரால் நிற்கவே முடியவில்லை. வெளியூர் டாக்டர் கையைக் கழுவத் தயாராக நிற்கிறார். இன்று விட்டால் அவர் திரும்ப எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. நான் பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு தள்ளுவண்டியில் படுத்திருக்கிறேன். என் வீட்டுக்காரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்களே பண்ணிடுங்க. இவரை இப்படியே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக எனக்குத் தைரியம் இல்லை."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் எதற்கும் கத்துகிறவன், அன்றைக்கு வாயே திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன? அவள் பெருமூச்சு விட்டுக் குல்லாயை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

உள்ளே, விளக்குக்குக் கீழே, அவள் முகம் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

"உன் புது வீட்டுக்கு இங்கேருந்து எப்படிடா போகணும்?"

"ஏன், உனக்குத் தெரியாதா? எத்தனை தடவை வந்திருக்கே?"

"உங்க மாமா கூட்டிட்டு வந்தார். நீ சொல்லு."

"வாசல்லேருந்து இடது. பெட்ரோல் பங்க் தாண்டி வலது. அப்புறம்…"

அப்புறம் எனக்குத் தெரியாது. இதன்பின் நடந்ததெல்லாம் தியேட்டர் பெரிய சிஸ்டர் சொன்னது. அந்த அம்மா ஒரு விஷயத்தைச் சொன்னால் நாமே அங்கே நின்றது மாதிரி இருக்கும். நான் அங்கேதான் இருந்தேன் என்பது வேறு.

கழுத்தில் முதல் கீறல் போட்டதும் என் அழுத்தம் கொஞ்சம் ஏறியது. எல்லோருக்கும் ஏறுவதுதான். வேறு யாராக இருந்தாலும் அக்கா சற்றுப் பொறுத்துப் பார்ப்பாள். அன்றைக்குப் பொறுக்கவில்லை, மயக்க வாயுவின் குமிழைக் கொஞ்சம் கூட்டித் திருப்பினாள். தசையை விலக்கினபோது திரும்ப ஏறியது, திரும்ப ஒரு சின்னத் திருப்பு. குழாயைத் தொட்டபோது இன்னொன்று. பெரிய சிஸ்டர் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். "உங்க அக்கா நிதானமாத்தான் இருந்தாங்க தம்பி. ஆனா அந்தக் குமிழை விட்டுக் கையை எடுக்கவே இல்லை."

கொஞ்ச நேரத்தில் திரையில் கோடுகள் எல்லாம் சாதுவாகிவிட்டன. அழுத்தம் அழகாக, ஆடாமல் அசையாமல் நின்றது. என் வாழ்நாளில் என் இரத்த அழுத்தம் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டது அப்போதுதான்.

டாக்டர் தகட்டை வைத்தார். கருவிக்காரர் மின்சாரம் கொடுத்தார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. கொஞ்சம் மேலே நகர்த்தினார், ஒன்றும் இல்லை. பின்பக்கம், முன்பக்கம், பிரிகிற இடத்தின் இடுக்கில். மின்சாரத்தைக் கூட்டினார்கள். அழுத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது. கருவிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். டாக்டர் இன்னொரு சுற்றும் பொறுமையாகத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சில பேருக்கு இப்படித்தான். இவருக்கு இது வேலை செய்யாது போலிருக்கு. மூடிடலாம்."

ஊசி நூலைக் கேட்டுக் கையை நீட்டிவிட்டார். பெரிய சிஸ்டர் எடுத்துக் கொடுக்கப் போனார். வெளியே பெஞ்சில் என் வீட்டுக்காரி உட்கார்ந்திருக்கிறாள். அப்போது அக்கா குமிழைப் பார்த்தாளாம். தன் கை அதன்மேல் இருப்பதை அப்போதுதான் பார்ப்பது மாதிரி பார்த்தாளாம்.

"மூடாதீங்க சார்."

"என்னம்மா?"

"அவருக்கு வேலை செய்யாம இல்லை. நான்தான் செய்யவிடலை. ரொம்ப ஆழமா கொண்டுபோயிட்டேன்." எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாளாம். "என் தம்பி சார். பிரஷர் கொஞ்சம் ஏறினாலும் எனக்குத் தாங்கலை. ஒவ்வொரு தடவையும் கூட்டிட்டேன். தப்பு என்னுது."

அந்த அறையில் இப்படி ஒரு வார்த்தையை யாரும் சுலபமாகச் சொல்லிவிட மாட்டார்கள் என்று பெரிய சிஸ்டர் சொன்னார். டாக்டர் திரையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இப்ப குறைச்சா, கழுத்து திறந்திருக்கும்போது எகிறிடுச்சுன்னா? ஏற்கெனவே பக்கவாதம் வந்த ஆள்."

"எகிறாம பார்த்துக்கிறேன். வலிக்கு மருந்தைக் கூட்டிடறேன், தூக்கத்தை மட்டும் குறைக்கிறேன். முழிக்கவும் விடமாட்டேன், அமுக்கவும் மாட்டேன். கொஞ்ச நேரம் குடுங்க சார்."

டாக்டர் ஈரத்துணியைக் காயத்தின் மேல் போட்டு மூடி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கொடுத்துவிட்டார்.

அக்கா குமிழைக் குறைத்துத் திருப்பினாள். வாயு உடம்பிலிருந்து மூச்சு மூச்சாகத்தான் வெளியேற வேண்டும், அவசரப்படுத்த முடியாது. அவள் கையைக் குமிழிலிருந்து எடுத்து இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டாளாம். திரையில் என் அழுத்தம் மெல்ல ஏற ஆரம்பித்தது. ஏறியது. இன்னும் ஏறியது. பெரிய சிஸ்டர் என் காலைப் பிடித்துக்கொண்டார், எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையை மட்டும் அசைத்தாள், அக்குளிலிருந்து கையை எடுக்கவில்லை. "உங்க அக்கா வாய்க்குள்ளேயே என்னமோ சொல்லிக்கிட்டிருந்தாங்க. சாமியைக் கும்பிடறாங்களோன்னு நினைச்சேன்" என்றார் பெரிய சிஸ்டர்.

ஏறினது ஓரிடத்தில் நின்றது. ஆனால் முன்பு மாதிரி செத்துக் கிடக்கவில்லை, கொஞ்சம் மேலும் கீழுமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"இப்ப தொடுங்க சார்" என்றாள் அக்கா.

முதலில் தொட்ட இடத்திலேயே அழுத்தம் லேசாகச் சரிந்தது. கருவிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். டாக்டர் ஒரு நூல் அளவு பின்னால் நகர்த்தினார். மின்சாரம் கொடுத்ததும் இதயம் நிதானமானது, எண்கள் படிப்படியாக இறங்கின. நிறுத்தினால் ஏறின. கொடுத்தால் இறங்கின. சற்று முன்னால் ஒன்றும் இல்லை என்று கைவிட்ட அதே இடம்.

"இதான். இங்கேயே தைக்கிறேன்" என்றார் டாக்டர்.

அக்கா குனிந்து என் இமையைத் தூக்கிப் பார்த்தாளாம். என் நெற்றியில் சொட்டென்று ஒன்று விழுந்ததாம். பெரிய சிஸ்டர் பஞ்சை எடுத்து முதலில் என் நெற்றியைத் துடைத்து, பிறகு அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

நான் மயக்கம் தெளியும்போது "கிளட்ச்! கிளட்ச்சை மிதி!" என்று கத்தினேனாம். அறையே சிரித்ததாம். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மறுநாள் வார்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். பெரிய சிஸ்டர் ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார், அது அவளுக்குத் தெரியாது. என் போர்வையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"டேய், நேத்து உன்னை ரொம்ப அமுக்கிட்டேன்டா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஒண்ணுமில்லாம மூடி அனுப்பியிருப்பாங்க. உனக்கு முழுசா தெரியணும்."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லுவா? உங்க ரேடியோதான்." அவள் சிரிக்கவில்லை. நான் கேட்டேன். "அந்த நேரத்துல வாய்க்குள்ள என்ன சொல்லிக்கிட்டிருந்தே?"

"'காலை எடு, காலை எடு'ன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றாள். "அன்னிக்கு ரவுண்டானால உன்னை என்ன திட்டு திட்டினேன்! நேத்து நானும் அதைத்தானே பண்ணினேன்? நீ நல்லா இருக்கணும்னு மிதிச்சு மிதிச்சு, உன் உடம்புக்குப் பிரேக் போட வருதான்னே தெரியாம பண்ணிட்டேன்."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. என் உயிர் ஆயிற்றே! ஆனால் வரவில்லை. எனக்கு என் அக்காவை அவ்வளவு பிடித்திருந்தது அந்த நேரத்தில். ஆளில்லாத ரோட்டிலும் நான் ஏன் பிரேக்கை மிதித்தேன் என்பது எனக்குத் தெரியும். அவள் ஏன் திருப்பினாள் என்பதும் தெரியும். இரண்டு பேரும் ஒரே அம்மா வயிற்றில் பிறந்தவர்கள்தானே? அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய் என் கழுத்துத் தையலைப் பார்த்தாள்.

"அழாதேடா, பிரஷர் ஏறும்" என்று சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

காயம் ஆறினபின் கருவியை முடுக்கிவிட்டு, ஒவ்வொரு முறை போகும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். மாத்திரைத் தட்டு காலியாகிக்கொண்டே வருகிறது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது, அதற்கு எந்தக் கழுத்திலும் நரம்பு இல்லை போலிருக்கிறது. அக்கா இன்றைக்கும் புதிதாகச் சேர்கிற மயக்க டாக்டர்களிடம் எங்கள் கதையைச் சொல்கிறாளாம். திரையில் எல்லாம் அமைதியாக இருந்தால் உடனே சந்தோஷப்படாதீர்கள், நோயாளியின் உடம்பு அமைதியாக இருக்கிறதா, நீங்கள் அமுக்கி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள் என்பாளாம். தன் பெயரைச் சொல்லித்தான் சொல்கிறாள், யாரோ ஒரு டாக்டர் என்று சொல்வதில்லை.

நான் முழுதாக வேலைக்குத் திரும்பின வாரம், சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தினேன். அக்கா வெளியே வந்தாள். நான் இறங்கி ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.

"என்னடா?"

"ஏறு. என் வீட்டுக்குப் போகலாம். உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்."

"ஒண்ணும் ஞாபகம் இல்லைடா" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, வாயைக் குவித்து ஊதிக்கொண்டாள். நான் செருப்பைக் கழற்றினேன். இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவள் பார்த்தாள். கியரைப் போட்டாள்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுக் கிளம்பியது.

"எந்தப் பக்கம்?"

"இடது."

எதிரே பஸ் வந்தது. என் தொடை தானாக இறுகியது, கையால் முழங்காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டேன். அவள் ஓரம் கட்டி, பிரேக் போட்டு, பஸ்ஸை அனுப்பிவிட்டு, எடுத்தாள். ஒருவர் நெற்றியும் எங்கும் முட்டவில்லை. சாயங்கால வெயில் கண்ணாடி வழியாக மடியில் விழுந்தது. பாவி, என்ன நிதானமாக ஓட்டுகிறாள் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

"பெட்ரோல் பங்க் தாண்டி வலது" என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது கார் நின்றிருந்தது. சுற்றிலும் இருட்டத் தொடங்கியிருந்தது. என் வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது, என் வீட்டுக்காரி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருடங்களில் யார் ஓட்டுகிற காரிலும் நான் கண்ணை மூடினதில்லை. அக்கா ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்தபடி சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியவில்லை.

"எழுப்பறதுக்கென்ன?" என்றேன்.

"நல்லா தூங்கினே. எழுப்ப மனசு வரலை" என்றாள். "ரெண்டாவது திருப்பத்துலயே தூங்கிட்டேடா. மீதி வழியை நானே கண்டுபிடிச்சு வந்தேன்."